கால்வாய்க் கரையும் குளத்தங்கரையும்: நெல்லைச் சீமையில் கிராவல் சைக்கிள் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலியில் சரள்பாதையில் ஓட்டுவதற்கான கிராவல் சைக்கிள் வாங்கும் பலரும் முதல் ஞாயிற்றுக்கிழமையே மேற்கே தெரியும் மலையைப் பார்த்து வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அந்தப் பயணம் பாபநாசத்திலோ மணிமுத்தாறிலோ வனத்துறைச் சோதனைச்சாவடியில் முடிந்துபோகும். மலைமேல் இருப்பது 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமும் அதுதான். யானையும் கரடியும் சிறுத்தையும் நடக்கும் அந்தப் பாதைகளில் சைக்கிளோடு நுழைய நினைப்பது சட்டப்படியும் தவறு, புத்திசாலித்தனமும் அல்ல. காட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். காட்டுக்குள் ஓட்ட வேண்டியதில்லை.

இந்தச் சீமையின் நல்ல சரள்பாதைகளெல்லாம் தண்ணீர் போட்டுத் தந்தவை. பொதிகையில் பிறந்து புன்னக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள் பிரிந்து, வழியிலுள்ள குளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பிக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு கால்வாய்க்கும் ஒரு கரை உண்டு. மடையைத் திறக்கவும் மண் சரிவைப் பார்க்கவும் ஆள் போய்வருவதற்காக அந்தக் கரையில் ஒரு பாதையும் உண்டு. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக மிகச் சிறிய சரிவில் வெட்டப்பட்ட கால்வாய் என்பதால், அதன் கரையில் பத்து கிலோமீட்டர் போனாலும் ஏற்றம் இறக்கம் காலுக்குத் தெரியாது. ஒரு பக்கம் நிழல் மரம், மறுபக்கம் வயல், முடிவில் ஒரு குளம். இதைவிட நல்ல பாதையைத் திட்டமிட்டுப் போட்டாலும் அமையாது.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

கிராவல் சைக்கிள் என்றால் ரேஸ் சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடியும், அதைவிட அகலமான டயரும், டிஸ்க் பிரேக்கும் கொண்ட வண்டி. நம் பாதைகளுக்கு 40 மி.மீ. அகல டயர் போதும்; 45 மி.மீ. இருந்தால் இன்னும் நல்லது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பால்காரரும் பனையேறியும் ஐம்பது வருடமாக மிதித்த 28 அங்குல கேரியர் சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குல அகலம். அதுவும் ஏறத்தாழ அதே 40 மி.மீ. தான். குளத்தங்கரைக்கு எந்த அளவு டயர் வேண்டும் என்பது இந்த ஊருக்கு முன்பே தெரியும். ஆகவே புது வண்டி வாங்கப் பணம் இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் இருக்கும் ஹைப்ரிட் வண்டியோ எம்டிபி என்னும் மலைப்பாதை சைக்கிளோ இந்த வழிகாட்டியில் வரும் எல்லா இடங்களுக்கும் போய்வரும். கியர் எண்ணிக்கையைப் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டாம். சமவெளியில் ஏறவேண்டிய செங்குத்து என்பது சாலையிலிருந்து குளக்கரைக்கு ஏறும் அந்த இருபது அடிதான்.

கவனிக்க வேண்டியது காற்றழுத்தம். புதிதாக வருபவர்கள் டயரைக் கல்லைப் போல அடித்துக்கொண்டு வந்து, சரளில் பல் நடுங்க ஓட்டிவிட்டு, வண்டி சரியில்லை என்று குறை சொல்கிறார்கள். எழுபது கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டியூப்லெஸ் டயரில் முன்னால் 32 பிஎஸ்ஐ, பின்னால் 36 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம். டியூப் போட்ட டயர் என்றால் ஐந்து முதல் எட்டு பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும். தொடங்கிய அளவிலிருந்து இரண்டிரண்டு பிஎஸ்ஐயாகக் குறைத்துப் பார்த்து, திருப்பத்தில் டயர் நெளியாத அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முள்

வெளியூர் வழிகாட்டிகளை அப்படியே பின்பற்ற முடியாததற்குக் காரணம் ஒன்றே: இந்த மண்ணின் முள். குடை விரித்ததுபோல் நிற்கும் உடைமரமும், குளத்து உள்வாயெல்லாம் பரவிக் கிடக்கும் சீமைக் கருவேலமும் ஆண்டு முழுவதும் பாதையில் முள்ளைக் கொட்டுகின்றன. விறகுக்கு வெட்டிய கிளையைக் கரைமேல் இழுத்துப் போயிருந்தால் அந்தக் கரையில் அன்று போகாமல் இருப்பதே மேல். பாதையோரத்தில் படர்ந்திருக்கும் நெருஞ்சி தனிக் கணக்கு. நான் டியூப் டயரோடு முதன்முறை போன அன்று, ஒரே கரையில் மூன்று முறை பஞ்சராகி, வண்டியைத் தள்ளிக்கொண்டே தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்தேன். அந்த மூன்றில் இரண்டு பஞ்சர் என் கவனக்குறைவால் வந்தவை. உடைமுள் டயருக்குள் நுழைந்ததும் வெளியே நீண்டிருக்கும் பகுதி ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் நூறு மீட்டருக்குள் அதே இடத்தில் மறுபடியும் துளை விழும். டியூப்பை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு துணியால் மெதுவாகத் துடையுங்கள்; நுனி இருக்கும் இடத்தில் துணி மாட்டும். விரலால் தடவினால் விரலில் ஏறும்.

ஆகவே செலவு செய்வதென்றால் வண்டியின் மற்ற பாகங்களை விட்டுவிட்டு முதலில் டியூப்லெஸ் டயருக்குச் செய்யுங்கள். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் சீலண்ட் என்னும் பால் போன்ற திரவம், முள் குத்திய துளை வழியே வெளியேறும்போதே கட்டியாகி அதை அடைத்துவிடுகிறது. 40 மி.மீ. டயருக்குச் சக்கரம் ஒன்றுக்கு 60 முதல் 90 மி.லி. வரை ஊற்றலாம். நம் வெயிலில் அது சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும். வழியில் முள் ஏறினால் அதைப் பிடுங்கிவிட்டு, துளை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி, சற்று நேரம் பொறுத்தால் கசிவு நிற்கும். பெரிய துளைக்கு ரப்பர்த் திரி செருகும் ஊசி வேண்டும். அதற்கும் அடங்காத கிழிசலுக்காக ஒரு டியூப்பையும் எப்போதும் எடுத்துச் செல்ல வேண்டும்.

இன்னொரு சிறு பொருளை மறக்க வேண்டாம். கிராவல் சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. கிராமத்துப் பஞ்சர் கடையின் காற்றுக் குழாயும் பெட்ரோல் பங்கின் குழாயும் அதில் பொருந்தாது. சுண்டுவிரல் நகமளவே இருக்கும் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால், மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் எந்த இடத்திலும் உங்கள் சைக்கிளுக்கும் அடிக்கலாம்.

காலம், காற்று, மண்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குளங்களை நிரப்புகிறது. மார்கழி முடிந்து தை பிறந்ததும் கரைகளில் ஈரம் வற்றிப் பாதை இறுகும், குளத்தில் தண்ணீர் நிற்கும், வயலில் பிசானப் பருவத்து நெற்பயிர் பச்சையாக இருக்கும், வெளியூர்ப் பறவைகளும் வந்திருக்கும். எனவே ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதங்களும் முதலிடம் பெறும். பங்குனிக்குப் பிறகு காலை எட்டரை மணிக்கே வீடு திரும்பிவிடும்படி திட்டமிட வேண்டும்.

ஆனி, ஆடியில் வெயில் குறைவு, சாரலும் உண்டு. ஆனால் அப்போது நடப்பது மேல்காற்றின் ஆட்சி. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் நுழையும் இந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. அதை எதிர்த்து மிதித்தால் சமதரையிலும் மலையேறும் பாடு படவேண்டும். காற்று வலுக்காத அதிகாலையிலேயே மேற்கு நோக்கிக் கிளம்பி, அது எழும் நேரத்தில் கிழக்கு நோக்கித் திரும்புவதே இந்தப் பருவத்தின் ஒரே விதி. காலையில் கிழக்கே சீவலப்பேரிப் பக்கம் உல்லாசமாகப் போய்விட்டு, பதினொரு மணிக்குக் காற்றை எதிர்த்து வீடு திரும்பியவர்கள் அந்தத் தவறை இரண்டாம் முறை செய்வதில்லை.

மண்ணையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆற்றுக்குத் தெற்கே நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டிப் பக்கத்துச் செம்மண்ணும் சரளும் மழை விட்ட மறுநாளே ஓட்டத் தகுந்தவை. வடக்கே கங்கைகொண்டானைத் தாண்டிக் கயத்தாறு நோக்கிப் போகப்போகக் கரிசல் வந்துவிடும். காய்ந்த கரிசல் அருமையான பாதை. நனைந்த கரிசலோ டயரில் அப்பி, முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கிலும் பிரேக்கிலும் அடைந்து, சக்கரத்தைச் சுற்றவே விடாது. வண்டியைத் தள்ளவும் முடியாது, தூக்கித்தான் வரவேண்டும். மழை பெய்து மூன்று நாள் ஆகும் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். இதற்கு நேர்மாறான மண் திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரி. அந்தச் சிவந்த மணல் படத்தில் அழகாக இருக்கும், 45 மி.மீ. டயரும் அதில் புதையும்.

வழி கண்டுபிடிக்கும் முறை

கைப்பேசி வரைபடங்கள் பெரும்பாலும் கால்வாய்க் கரையைப் பாதையாகக் காட்டுவதில்லை. எனவே முதல் நாள் இரவு செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஓர் அணைக்கட்டில் தொடங்கி, அதிலிருந்து பிரியும் கால்வாயைக் குளம் வரை விரலால் பின்தொடருங்கள். கரையின் மேல் வெளிறிய கோடு தெரிந்தால் வண்டி போகும் பாதை உண்டு. தெரியாமல் பச்சை மட்டும் மூடியிருந்தால் அங்கே புதர். கரையை ஓடை வெட்டும் இடங்களையும், குளத்தின் மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் மறுகால் இருக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குளம் பெருகி மறுகால் பாயும் நாட்களில் அந்த இடத்தைக் கடக்க முடியாது. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்கக் கூடாது. பாசி பிடித்த கல்தளத்தில் காலும் டயரும் ஒருசேர வழுக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் பல கரைகள் உடைந்தன. அடைத்த இடங்களில் கொட்டப்பட்ட மண் பழைய கரையைப் போல இறுகியிருக்காது. பழைய படத்தையோ யாரோ போன வழியைச் சேமித்த பழைய ஜிபிஎக்ஸ் பதிவையோ மட்டும் நம்பிப் போகாமல், முதல் முறை மெதுவாகப் போய்ப் பாருங்கள்.

கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் கால்வாய் வெட்டப் பொருள் இருந்தது, எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. பசு ஒன்றைப் பின்தொடர்ந்து போகும்படி அகத்தியர் சொல்ல, அது நடந்த வழியில் கால்வாயும் படுத்த இடங்களில் குளமும் அமைந்தன என்பார்கள். கரையில் ஓட்டும்போது கால்வாய் காரணமே இல்லாமல் வளைந்து போவதாகத் தோன்றும் இடங்களில் எனக்கு அந்தப் பசு நினைவுக்கு வரும். மட்டம் பார்த்து வெட்டியவர்களின் கணக்கு அந்த வளைவுகளில் இருக்கிறது.

ஒருமுறை கரை இரண்டாகப் பிரிந்த இடத்தில், மண்வெட்டியோடு எதிரே வந்த பெரியவரிடம், "அண்ணாச்சி, இந்தக் கரை எங்க போயி முடியும்?" என்று கேட்டேன். "குளத்துக்குத்தான் போவும். வேற எங்க போவும்?" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டாகப் பிரியும் இடங்களில் நான் தண்ணீர் அதிகம் போகும் பக்கமே போகிறேன். பெரும்பாலும் ஓர் ஊரில் போய்ச் சேர்கிறேன்.

மூன்று பயணங்கள்

முதல் பயணத்துக்குப் பாளையங்கால்வாயையும் கன்னடியன் கால்வாயையும் சேர்த்துக்கொள்ளலாம். நகருக்குள் பாளையங்கால்வாயின் கரை வீடுகளுக்கும் சாக்கடைக்கும் நடுவே கிடக்கிறது என்பதால், மேலப்பாளையத்தைத் தாண்டும் வரை தார்ச்சாலையிலேயே போய், முன்னீர்பள்ளத்துக்குப் பிறகு கரையில் ஏறுங்கள். பச்சையாறு வந்து சேரும் தருவையைக் கடந்து, கோபாலசமுத்திரம், மேலச்செவல் வழியே பத்தமடைக்குப் போகலாம். கோரைப்பாய்க்குப் பெயர் பெற்ற ஊர் என்பது நினைவிருக்கட்டும். தெருவில் சாயமிட்ட கோரை காய்ந்துகொண்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது மரியாதை. அங்கிருந்து சேரன்மகாதேவி பக்கம்தான். போகவர 45 கி.மீ. அளவு வரும். அம்பாசமுத்திரம் சாலையும் செங்கோட்டை ரயில் பாதையும் இதே திசையில் செல்வதால், எங்கே களைத்தாலும் சாலைக்கு ஏறிவிடலாம். தொடக்கப் பயணமாக இதைச் சொல்வதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது கூந்தன்குளம். பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியே ஒரு பக்கம் சுமார் 35 கி.மீ.; அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். மூலைக்கரைப்பட்டி வரை தார்ச்சாலைதான், அதன்பிறகு ஊர்களுக்கு இடையே செம்மண் வண்டிப்பாதைகள் கிடைக்கும். கூந்தன்குளமும் அதையடுத்த காடன்குளமும் சேர்ந்து 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பின்னர் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றன. சங்குவளை நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் கூடு கட்டும். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தையும், நல்ல ஆண்டுகளில் பூநாரையையும் பார்க்கலாம். பறவைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுவதால் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் இது. அங்கே சைக்கிள் மணியை அடிக்க வேண்டாம், குளக்கரையில் ஓட்டவும் வேண்டாம். ஊர் எல்லையில் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். திரும்பும்போது நேரம் மிச்சமாகும் என்று நாங்குநேரிக்குப் போய் நான்குவழிச் சாலையில் ஏறுபவர்கள் உண்டு. அந்தப் பத்து நிமிட மிச்சத்துக்காக லாரிகளுக்கு நடுவே ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவதுதான் காட்டின் ஓரம். அம்பாசமுத்திரம் வரை வண்டியை வாகனத்தில் ஏற்றிப் போய், அங்கிருந்து தொடங்குவது நல்லது. எட்டு அணைக்கட்டுகளில் முதல் மூன்றும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு அணையின் அடிவாரம் வரை போனால், மாஞ்சோலைக்கு ஏறும் மலை நேர் எதிரே நிற்கும். சாவடிக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் ஜனவரி மாதங்களில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. பறவை பார்க்கத் தெரிந்தவர்கள் அதில் சேர்ந்துகொண்டால், எந்தக் குளத்துக்கு எந்தக் கரை வழியே போவது என்பது தானாகத் தெரிந்துவிடும். திரும்பும் வழியில் கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் திருப்புடைமருதூருக்கு ஒதுங்குங்கள். கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் தங்கும் பறவைகளுக்காகவே 2005-இல் அந்த இடம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

வடக்கே கங்கைகொண்டான் மான் சரணாலயம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2013-இல் அறிவிக்கப்பட்ட அந்த இடம் சிறியது, உள்ளே ஓட்ட இடமில்லை. புள்ளிமான்களுக்காகச் சாலையோரம் ஒரு காலை நேரம் நிற்கலாம், அவ்வளவே.

கரையில் நடந்துகொள்ளும் முறை

கால்வாய் என்பது பலருக்குக் குளியலறை. படித்துறையை நெருங்கும்போது நூறடிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மணியடித்து, பார்வையைப் பாதையில் வைத்துக் கடந்துவிட வேண்டும். கைப்பேசியையும், தலைக்கவசத்தில் மாட்டிய கேமராவையும் அந்த இடத்தில் அணைத்துவிடுங்கள். சாலையில் நெல் காய்ந்தால் ஓரமாக இறங்குங்கள். மடைப் பலகையில் கை வைக்காதீர்கள். ஒரு பலகை நகர்ந்தால் இரண்டு ஊருக்குச் சண்டை வரும். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால் அங்கே காவல் நாய்கள் இருக்கும். நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்ப நினைக்காமல், இறங்கி, வண்டியை இருவருக்கும் நடுவே வைத்துக்கொண்டு நின்றால் பெரும்பாலும் குரைப்போடு விட்டுவிடும். கரைகளில் சாஸ்தா கோயிலும் சுடலைமாடன் கோயிலும் நிறைய உண்டு. பங்குனி உத்திரத்தன்று குலதெய்வம் கும்பிட வரும் குடும்பங்களால் அந்தப் பாதைகள் வேன்களால் நிறைந்துவிடும். அன்று சைக்கிளை விட்டுவிட்டு நீங்களும் பொங்கல் வைக்கப் போகலாம்.

மலையடிவார ஊர்களில் கரடியும் சிறுத்தையும் இறங்குவதுண்டு. மூன்றாவது பயணத்தை நன்றாக விடிந்தபின் தொடங்கி, மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம். வரப்பிலும் புல் மண்டிய கரையிலும் பாம்பு இருக்கலாம். கடித்தால் கட்டுப் போடவோ கீறிவிடவோ நேரத்தைச் செலவழிக்காமல், அந்தக் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். வெயிலில் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். வழியில் நீர்மோர் கிடைத்தால் விடாதீர்கள். கோடையில் பனங்காட்டுப் பக்கம் காலையிலேயே போனால் பதநீர் கிடைக்கும். இனிப்பும் நீரும் ஒன்றாகக் கிடைக்கும் அதைக் குடித்தபின் கடையில் விற்கும் பவுடர்களை நான் வாங்குவதில்லை. ஆனால் பனையோலையை மடித்துத் தரும் பட்டையில் ஒன்றுக்கு மேல் குடித்துவிட்டு மிதிக்க முயல வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதற்கு முன், விளக்கடியில் உட்கார்ந்து இரண்டு டயர்களையும் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நாலைந்து முள்ளாவது தலை காட்டும். ஊக்கால் நெம்பி எடுத்தபின் சக்கரத்தைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே சளசளவென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் சீலண்ட் உலர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்த பயணத்துக்கு முதல் நாள் இரவே ஊற்றி, சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றி வைத்துவிடுங்கள்.